வாங்கின பழைய கார்ல வந்து வந்து போற எஞ்சின் சத்தம்: கன பேர் கேக்கிற கேள்விகள்

நான் மெக்கானிக் இல்ல. வெள்ளவத்தைல இருந்து கோட்டைக்கு தினமும் வேலைக்கு போய் வார ஆள். பாவிச்ச டொயோட்டா அக்ஸியோ கார் ஒண்டு வாங்கி, 2008 மொடல், அதில வந்த ஒரு டொக் டொக் சத்தத்துக்கு பின்னால நாலு மாசம் அலைஞ்சு, மூண்டு கராஜ் ஏறி இறங்கி, தேவையில்லாம காசும் விட்டன். அதுக்கு பிறகு சொந்தக்காரர், ஒஃபிஸ் ஆக்கள் எல்லாரும் கார் சத்தம் போட்டா என்னட்ட தான் கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் அனுப்பி அனுப்பி தொண்டை வத்தினது தான் மிச்சம், அதால கேள்வி பதிலா எழுதிட்டன்.

கார் வாங்கி ரெண்டு கிழமை தான். எஞ்சின்ல ஒரு சத்தம் வருது, கராஜுக்கு கொண்டு போனா வரவே வராது. இப்ப நான் என்ன செய்ய?

முதல்ல ஒரு சாமானும் வாங்காதீங்கோ. வாகன சாமான் கடைகள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தைக்கு போயிடாதீங்கோ, அங்க போனா வெறுங்கையோட வர மனம் வராது.

எல்லாரும் விடுற பிழை என்னெண்டா, சத்தம் எப்பிடி இருக்கு எண்டத சொல்ல தான் பார்ப்பினம். "டக டக எண்டு", "இல்ல இல்ல கட கட எண்டு". பாஸ், அதான் கராஜ் மெக்கானிக், தலைய ஆட்டுவார், ஆனா உங்கட டக டக அவருக்கு வேற டக டக. எப்பிடி எண்டத விட எப்ப எண்டது தான் முக்கியம். எப்ப வருது, எப்ப போகுது, என்ன செய்தா நிக்குது. எப்பவும் வாற சத்தத்த கண்டுபிடிக்கிறது ஒரு வேலையே இல்ல, வந்து வந்து போற சத்தத்துக்கு அந்த வாறதும் போறதும் தான் ஒரே துப்பு.

ஒரு கிழமைக்கு ஃபோன்ல குறிச்சு வைங்கோ. ஓடேக்க எழுதாதீங்கோ, வீட்ட வந்து எழுதுங்கோ. எஞ்சின் குளிரா சூடா, ஏசி போட்டிருந்ததா, கியர் டியிலயா (டிரைவ்) என்லயா (நியூட்ரல்), நிண்டதா ஓடினதா, ஓடினா எத்தினை வேகம், திரும்பேக்கயா நேரா போகேக்கயா, மழையா வெயிலா, எத்தினை பேர் ஏறி இருந்தவை. மாமி பின் சீற்றில இருந்தா தான் வருது எண்டா அதுவும் ஒரு தகவல், சிரிக்காதீங்கோ, பின் பக்கம் பாரம் ஏறினா சைலன்சர் குழாய் எங்கயாவது முட்டும்.

அதுவரைக்கும் ஓடலாமா?

பெரும்பாலும் ஓடலாம். மூண்டு விசயத்துக்கு மட்டும் உடனடியா ஓரங்கட்டி எஞ்சின நிப்பாட்டுங்கோ, வீட்ட போய் பாப்பம் எண்டு இழுக்காதீங்கோ.

ஒண்டு, டாஷ்போட்ல சிவப்பு ஒயில் லைட். அது ஒயில் அளவு குறைஞ்சா பத்துற லைட் எண்டு கன பேர் நினைக்கினம், இல்ல, ஒயில் பிரஷர் இல்லாட்டி தான் அது பத்தும், அது பத்தின நேரம் உள்ள இரும்போட இரும்பு உரஞ்சுது எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ. சூடான பிறகு நிக்கேக்க மினுங்கி மினுங்கி போனாலும் அதே கதை தான். ரெண்டாவது, ஆக்சிலேட்டர் குடுக்க குடுக்க வேகமாகவும் பலமாகவும் ஆகிற ஆழமான டொக் டொக், சுத்தியலால உள்ளுக்குள்ள இருந்து அடிக்கிற மாதிரி, கீழ்ப்பக்கத்தில இருந்து. மூண்டாவது, சத்தத்தோட ஹீட் மீற்றரும் ஏறினா.

இதுக்கெல்லாம் முதல் ஒரு வேலை இருக்கு: டிப் ஸ்டிக்க இழுத்து பாருங்கோ. சமதரையில நிப்பாட்டி, எஞ்சின் ஓஃப் பண்ணி அஞ்சு நிமிசம் விட்டு, துடைச்சு, திரும்ப போட்டு, எடுத்து பாக்கோணும். அக்ஸியோல இருக்கிற வன் என்செட் (1NZ) 1500 சீசீ எஞ்சினுக்கு பில்டரோட சேர்த்து மொத்தமே 3.7 லீற்றர் தான் ஒயில் போகும். அதில ஒண்டரை லீற்றர் எரிஞ்சு போயிருந்தா, பிரேக் அடிக்கேக்க, வளைவில திரும்பேக்க மிச்ச ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காத்த இழுக்கும், அப்ப மட்டும் சத்தம் வரும், நேரா போனா போயிடும். வந்து வந்து போற சத்தத்தில இத விட மலிவான மருந்து இருக்கிற சத்தம் இல்ல, ஆனா ஏன் எரியுது எண்டது வேற பிரச்சினை.

சத்தம் எஞ்சின்ல இருந்து தான் வருது எண்டு எப்பிடி தெரியும்?

பாதி நேரம் எஞ்சினே இல்ல. காருக்குள்ள இருந்து கேட்டா எல்லாம் முன்னுக்கு இருந்து வார மாதிரி தான் இருக்கும்.

மெரைன் டிரைவ்ல ஞாயிற்றுக்கிழமை காலமை வெள்ளண்ண போங்கோ. சத்தம் வாற வேகத்தில ஓடிக்கொண்டு போகேக்க ஆக்சிலேட்டர விட்டு கியர என்னுக்கு போட்டு சும்மா உருள விடுங்கோ, பின்னால ஒருத்தரும் வராத நேரமா பாத்து, கண்டிப்பா எஞ்சின ஓஃப் பண்ணக்கூடாது, பண்ணினா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாயிடும். எஞ்சின் சுத்து குறைஞ்ச உடன சத்தமும் குறைஞ்சா எஞ்சின் பக்கம். கார் உருளுற வேகத்தோட சேர்ந்து சத்தம் போய்க்கொண்டே இருந்தா சில்லு, பேரிங், டயர், பிரேக் பக்கம். பிறகு நிப்பாட்டி வைச்சு பி (பார்க்) கியர்ல நிமிசத்துக்கு 2000, 2500 சுத்து வரைக்கும் ஏத்தி பாருங்கோ. அப்பவும் வந்தா எஞ்சின் பக்கம் தான், வராட்டி பாரம் பிடிச்சா மட்டும் வாற சத்தமா இருக்கலாம், இல்லாட்டி எஞ்சினே இல்லாம இருக்கலாம்.

பள்ளத்தில விழேக்க மட்டும் கொட கொட எண்டா லிங்க் ரொட், லோவர் ஆம் புஷ், ஷொக் மவுண்ட் மாதிரி சஸ்பென்ஷன் சாமான். ஸ்டியரிங்க முழுசா வெட்டி திரும்பேக்க டிக் டிக் டிக் எண்டா சீவி ஜொயின்ட், சில்ல சுத்துற தண்டின்ட மூட்டு. வேகம் கூட கூட ஊஊ எண்டு விமானம் மாதிரி எண்டா வீல் பேரிங். இதுக்கெல்லாம் எஞ்சின கழட்ட விடாதீங்கோ. என்ட மச்சான் ஒருத்தர் லிங்க் ரொட்டுக்கு எஞ்சின் மவுண்ட் நாலும் மாத்தினவர். நானும் பெரிய ஆள் இல்ல, கீழ வருது என்ட கதை.

இன்னொரு வழி இருக்கு, கணக்கு மாதிரி. நிக்கேக்க எஞ்சின் நிமிசத்துக்கு ஏறத்தாழ 700 சுத்து. அப்பிடி எண்டா கிரேங்க், பிஸ்டன்கள் சுத்துற பெரிய தண்டு, செக்கனுக்கு கிட்டத்தட்ட 12 தரம் சுத்துது, மேல இருக்கிற கேம், வால்வுகள திறக்கிற தண்டு, அதில பாதி, 6 தரம். ஃபோன்ல ரெக்கோட் பண்ணி மெதுவா ஓட விட்டு எண்ணி பாருங்கோ. ஒரு வால்வ், ஒரு டெப்பட்டின்ட சத்தம் எண்டா 6க்கு கிட்ட வரும். கிரேங்கோட சேர்ந்த சத்தம் 12க்கு கிட்ட. ரெண்டுக்கும் பொருந்தாம இஷ்டத்துக்கு வந்து போனா எங்கயோ ஒரு தகடோ கிளிப்போ லூஸ் எண்டு சந்தேகப்படுங்கோ. கராஜ்ல இத சொன்னப்ப ஒரு பொடியன் என்ன விசரன் மாதிரி பாத்தான், பரவாயில்ல.

காலமை முதல் ஸ்டார்ட்ல மட்டும் ஒரு கர்ர்ர். ரெண்டு செக்கன்ல நிண்டுடும். பயப்படோணுமா?

ராத்திரி முழுக்க நிண்ட காருல ஒயில் எல்லாம் கீழ இறங்கி இருக்கும். ஒயில் பில்டருக்குள்ள ஒரு றப்பர் வால்வ் இருக்கு, பில்டர்ல இருக்கிற ஒயில் திரும்பி வடியாம பிடிச்சு வைக்கிறது அதின்ட வேலை. மலிவு கொப்பி பில்டர்ல அது இருந்தும் இல்லாத மாதிரி. காலமை ஸ்டார்ட் பண்ணின உடன பம்ப் முதல்ல வெறும் பில்டர நிரப்பி பிறகு தான் மேல அனுப்பும், அந்த நேரத்துக்குள்ள டைமிங் செயின இறுக்கி வைக்கிற டென்ஷனரும், வால்வ் திறக்கிற நேரத்த மாத்துற விவிடிஐ கியரும் கர்ர் எண்டும். நல்ல ஒரிஜினல் பில்டர் ஒண்டும் பொத்தகத்தில சொன்ன ஒயிலும், வன் என்செட்டுக்கு 5டபிள்யூ-30, போட்டு ஒரு கிழமை பாருங்கோ. வாங்கின கார் எண்டா எப்பிடியும் ஒயில் மாத்த தான் வேணும், பழைய சொந்தக்காரர் என்ன ஊத்தினவர் எண்டு ஆருக்கு தெரியும்.

அதுக்கு பிறகும் வந்தா, அதுவும் கிழமைக்கு கிழமை நீண்டு கொண்டு போனா, டென்ஷனர், விவிடிஐ கியர் ரெண்டையும் பாக்கோணும்.

குளிர்ல டிக் டிக் எண்டு தொடங்கி அஞ்சு பத்து நிமிசத்தில மெல்ல மெல்ல மறையுற சத்தம் வேற. அது கன நேரம் எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் கஸ்கட்ல, அதான் புகைக் குழாய் எஞ்சினோட பூட்டுற இடத்தில, சின்ன லீக். இரும்பு சூடாகி விரிஞ்சா இடைவெளி மூடிடும், சத்தமும் நிண்டுடும், நீங்க கராஜுக்கு போய் சேரேக்க எஞ்சின் சூடு, பாஸுக்கு ஒண்டும் கேக்காது, நீங்க தான் பொய் சொன்ன மாதிரி நிப்பீங்க. அதுக்கு காரை முதல் நாள் பின்னேரமே கராஜ்ல விட்டிட்டு வாங்கோ. காலமை அவரே ஸ்டார்ட் பண்ணட்டும்.

டிராஃபிக்ல நிக்கேக்க மட்டும் வருது. ஓடினா இல்ல.

இது தான் என்ட கேஸ், அதால கொஞ்சம் நீட்டி சொல்றன்.

வேலை முடிஞ்சு கோட்டைல இருந்து வரேக்க, பம்பலப்பிட்டி பக்கம் சிக்னல்ல நிண்டா டொக் டொக் டொக். காலமை வராது. சனி ஞாயிறு வராது. முதல் கராஜ்ல டைமிங் செயின் எண்டார், கழட்டி பூட்ட ஒரு லட்சத்துக்கு மேல கணக்கு போட்டு காட்டினார். ரெண்டாவது ஆள் பேரிங் எண்டார், அவர் பொனட்டையே திறக்கேல்ல, ஒருக்கா காது குடுத்து கேட்டது தான். மூண்டாவது ஆள் வலது பக்க எஞ்சின் மவுண்ட் இறங்கி இருக்கு எண்டு காட்டினார். உண்மையா இறங்கி தான் இருந்தது, என்ட கண்ணாலயும் கண்டன், அதால மாத்தினன். சத்தம் போயிட்டுது. நானும் தெகிவளைல மாமா வீட்ட போய் பெருமையா சொல்லிட்டு வந்தன். ரெண்டு கிழமைல திரும்பி வந்திட்டுது.

அப்ப தான் எழுத தொடங்கினன். பத்து நாள் எழுதின பிறகு பாத்தா ஒவ்வொரு நாளும் நாலு விசயம் ஒண்டா சேருது: எஞ்சின் நல்ல சூடு, ஏசி ஓன், கியர் டியில, கால் பிரேக்ல. கியர என்னுக்கு தள்ளினா உடன நிக்குது. ஏசிய ஓஃப் பண்ணினாலும் நிக்குது. பேரிங் எண்டா ஏசி ஸ்விட்சுக்கு பயந்து நிக்காது தானே. செயினும் அப்பிடி தான்.

டியில போட்டு பிரேக்க பிடிச்சா எஞ்சின் ஒரு பக்கம் சாயும், ஏசி கம்பிரசர் பிடிச்சா இன்னும் கொஞ்சம் நடுங்கும். அந்த நிலையில எது எதோட முட்டுது எண்டது தான் கேள்வி. தம்பிய டிரைவர் சீற்றில இருத்தி ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் இறுக்கி சில்லுக்கு கல்லும் வைச்சு டியில போடச் சொல்லிட்டு, நான் பக்கத்தில நிண்டு டோர்ச் அடிச்சு பாத்தன். காருக்கு நேர முன்னால மட்டும் நிக்காதீங்கோ. ஏசி குழாய் ஒண்டு, பொடியில பிடிக்கிற இடத்தில கிளிப்பும் இல்ல றப்பரும் இல்ல, இரும்பில மினுங்குற அளவுக்கு தேஞ்ச ஒரு தழும்பு. முந்தின சொந்தக்காரர் கம்பிரசர் மாத்தினவர், பூட்டின ஆள் கிளிப்ப திரும்ப போடேல்ல. மவுண்ட் இறங்கினதும் உண்மை, அதால எஞ்சின் பதிஞ்சு குழாய் முட்டினது. நான் போட்ட கொப்பி மவுண்டும் ரெண்டு கிழமைல பதிஞ்சு அதே இடத்துக்கு வந்திட்டுது. ஒரு கிளிப், ஒரு துண்டு றப்பர். அதுக்கு பிறகு அந்த சத்தம் இல்ல. அப்பிடியே விட்டிருந்தா ஒரு நாள் குழாய் ஓட்டையாகி காஸ் முழுக்க போயிருக்கும்.

உங்களுக்கும் இதே தான் எண்டு இல்ல. நிக்கேக்க மட்டும் வாறதுக்கு வேற காரணங்களும் இருக்கு. எக்ஸோஸ்ட்டுக்கு மேல இருக்கிற சூட்டுத் தகடு, ஹீட் ஷீல்ட், அதின்ட போல்ட் கறள் பிடிச்சு போயிருந்தா குறிப்பிட்ட ஒரு சுத்துல மட்டும் ஜர்ர்ர் எண்டும். கடற்கரை பக்கம் கார் நிக்கிற எங்களுக்கு இது சாதாரணம், உப்புக்காத்து எதையும் விடாது. எஞ்சின் நல்லா குளிர்ந்த பிறகு கையால தட்டி பாருங்கோ, தகரப்பேணி மாதிரி கேட்டா அது தான். கிளாம்ப் ஒண்டு போட்டு இறுக்கினா சரி. ஏசி ஒவ்வொரு தரமும் பிடிக்கேக்க ஒரு டிக், அது கம்பிரசர் கிளட்ச், சாதாரணம். சூடான எஞ்சின்ல மெல்லிசா டிக் டிக் டிக் எண்டு பேர்ஜ் வால்வ், பெற்றோல் ஆவிய எஞ்சினுக்கு விடுற வால்வ், அடிக்கிறதும் சாதாரணம், பெற்றோல் தெளிக்கிற இஞ்செக்டர் சத்தமும் அப்பிடி தான். புதுசா கார் வாங்கின ஆளுக்கு எல்லா சத்தமும் நோய் மாதிரி தான் கேக்கும்.

மழை நாள்ல கிறீச் எண்டு கத்துது.

பெல்ட். காலமை ஈரத்தில கத்தி, காய்ஞ்ச பிறகு நிண்டா கிட்டத்தட்ட நிச்சயம். போத்தல்ல தண்ணி எடுத்து ஓடுற பெல்ட்டின்ட வரி வரியா இருக்கிற பக்கம் கொஞ்சம் தெளிச்சு பாருங்கோ, கை, சேட்டுக்கை, சால்வை ஒண்டும் கிட்ட போகக்கூடாது. தெளிச்ச உடன கொஞ்ச நேரத்துக்கு சத்தம் நிண்டா பெல்ட் சுத்துற புலி (கப்பி) ஏதோ ஒண்டு நேரா இல்ல, தெளிக்க இன்னும் கத்தினா பெல்ட் தளர்வு.

கிறீச் இல்லாம உர்ர்ர் எண்டு உரஞ்சுற மாதிரி எண்டா ஒல்டர்னேட்டர், வோட்டர் பம்ப், ஐட்லர் இதுகள்ட பேரிங் ஒண்டு. எதெண்டு பிரிக்க பாஸ்மார் பெல்ட்ட கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணி கேப்பினம். சத்தம் போயிட்டா பெல்ட் சுத்துற சாமான்கள்ல ஒண்டு, போகாட்டி எஞ்சினுக்குள்ள. வன் என்செட்ல வோட்டர் பம்பும் அதே பெல்ட்ல தான் ஓடுது, அதால அரை நிமிசம், கூடிப்போனா ஒரு நிமிசம், அதுக்கு மேல ஓட விடாதீங்கோ. பிறகு ஒவ்வொரு புலியையும் கையால சுத்தி பாத்தா கரகரக்கிறது எதெண்டு தெரிஞ்சிடும்.

மழை எண்ட உடன இன்னொண்டும் சொல்லோணும். 2016 மே வெள்ளத்தில கொலன்னாவை, கடுவெல பக்கம் கனக்க வாகனங்கள் தண்ணிக்குள்ள நிண்டது, அதுக்கு பிறகும் வெள்ளம் வந்து போயிருக்கு, அந்த கார்கள் எல்லாம் எங்க போனது? கழுவி துடைச்சு வித்தாச்சு. பேரிங் எல்லாம் ஒண்டுக்கு பின்னால ஒண்டா கத்த தொடங்கினா, சீற் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்கோ, அடியில சேத்துக் கோடு தெரியுதா எண்டு. சீற் றெயிலுக்கு கீழயும் பாருங்கோ. தண்ணிக்குள்ள ஓடின எஞ்சின் தண்ணிய குடிச்சு கனெக்டிங் ரொட் வளைஞ்சும் இருக்கலாம், அது நல்லா ஓடும் ஓடும், பிறகு ஒரு நாள் ஓடாது.

கொழும்புக்குள்ள ஒண்டும் இல்ல. கண்டிக்கு போகேக்க கடுகண்ணாவ ஏத்தத்தில சளசள எண்டு சத்தம்.

கொழும்பு தட்டை, எஞ்சினுக்கு பாரமே தெரியாது. ஏத்தத்தில ஆக்சிலேட்டர மிதிக்கேக்க சில்லறைக் காச பேணிக்குள்ள போட்டு குலுக்கின மாதிரி கேட்டா அது பெற்றோல் ஒழுங்கா எரியாம தன்பாட்டில வெடிக்கிறது, நொக்கிங். கால எடுத்தா உடன நிக்கும். 92 ஒக்டேன் பெற்றோல் அடிச்சிருந்தா ஒரு டேங்க் 95 அடிச்சு அதே ஏத்தம் ஏறி பாருங்கோ. போயிட்டா எஞ்சின் உடைய போகுது எண்டு இல்ல, ஆனா 92 போதும் எண்டு செய்த எஞ்சின் 95 கேக்குது எண்டா உள்ள கரி பிடிச்சிருக்கு, இல்லாட்டி கூடுதலா சூடாகுது, இல்லாட்டி பிளக் பிழை. ரேடியேட்டர் ஃபேனும் தேர்மோஸ்டெட்டும் முதல்ல பாருங்கோ.

பாஸ் எஞ்சின இறக்கோணும் எண்டு சொல்லிட்டார். நம்பலாமா?

எதால சொல்றீங்க எண்டு கேளுங்கோ. கேக்கிறது மரியாதைக்குறைவு இல்ல, நல்ல பாஸ் எண்டா காட்டுவார்.

ரொட் பேரிங், பிஸ்டன கிரேங்கோட சேர்க்கிற ரொட்டின்ட பேரிங், எண்டு சொன்னா, ஒவ்வொரு சிலிண்டரா இஞ்செக்டர் கனெக்டர கழட்டி பாக்க சொல்லுங்கோ. எந்த சிலிண்டர நிப்பாட்டினா சத்தம் குறையுதோ அதில தான் பிழை, ஒண்டுக்கும் மாறாட்டி ரொட் பேரிங்க சந்தேகப்படுறது கஷ்டம். ஒயில் பிரஷர் சுவிட்ச்ச கழட்டி மீற்றர் போட்டு அளக்கலாம், அது அரை மணித்தியால வேலை, ஆனா ஆரும் தானா செய்ய மாட்டினம். நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒண்ட நுனி எஞ்சின்லயும் பிடி காதிலயும் வைச்சு இடம் இடமா கேக்கிறது பழைய முறை, இண்டைக்கும் அத விட மலிவான கருவி இல்ல, ஃபேன் எந்த நேரத்திலயும் தானா ஓட தொடங்கும் எண்டத மட்டும் மறக்க வேண்டாம்.

முக்கியமா ஒண்டு: எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில ஃபிளெக்ஸ் பிளேட் எண்டு ஒரு மெல்லிய தட்டு இருக்கு. அது வெடிப்பு விட்டிருந்தாலும் போல்ட் தளர்ந்திருந்தாலும் அச்சு அசல் ரொட் பேரிங் மாதிரியே டொக் டொக் எண்டும், ஆனா என்ல இருந்து டிக்கு மாத்தேக்க சத்தம் மாறும். இத பாக்காம எஞ்சின இறக்கின கதை நான் கேட்டிருக்கிறன்.

தடிப்பான ஒயில் போட்டா சத்தம் நிண்டுடும் எண்டு சொல்லினம்.

நிக்கும். அதால தான் விக்கிற ஆக்கள் போடுறது. 20டபிள்யூ-50ய ஊத்தி விட்டா தேஞ்ச எஞ்சினும் கொஞ்ச நாளைக்கு வாய மூடிக்கொண்டு இருக்கும். நீங்க வாங்கி, சரியான மெல்லிய ஒயில் மாத்தின அடுத்த நாளே சத்தம் தொடங்கினா ஒயில் மாத்தின இடத்த ஏசாதீங்கோ, அது முதலே இருந்த சத்தம்.

பாக்க போகேக்க எஞ்சின் ஏற்கனவே சூடா இருந்தாலும் அப்பிடி தான். "நீங்க வருவீங்க எண்டு ஸ்டார்ட் பண்ணி வைச்சனான்" எண்டுவார், அன்பா தான் சொல்லுவார். முதல் நாளே சொல்லி வையுங்கோ, நான் வந்து தான் ஸ்டார்ட் பண்ணுவன் எண்டு. இத வாங்கின பிறகு வாசிக்கிறீங்க எண்டு தெரியும். அடுத்த காருக்கு.

ஸ்கேன் பண்ணினா தெரியாதா?

பாதி தெரியும். கார் கம்பியூட்டர்ல பதிஞ்ச பிழைக் கோட்ட வாசிக்கிற சின்ன புளூடூத் ஓபிடி கருவி ஒண்டும் ஃபோனும் போதும். பி0016 எண்டு வந்தா கேமும் கிரேங்கும் ஒண்டுக்கொண்டு பொருந்தேல்ல, செயின் நீண்டிருக்கலாம் எண்ட சந்தேகத்துக்கு அது நியாயமான காரணம். பி0011, பி0012 எண்டா விவிடிஐ பக்கம், அது கன நேரம் ஊத்தை ஒயிலால வாறது. பி0300 எண்டா மிஸ்ஃபயர், சிலிண்டர்ல பெற்றோல் சரியா எரியேல்ல. லூஸ் தகட்டுக்கும் கிளிப்புக்கும் ஒரு கோட்டும் வராது, அதால ஸ்கேன் கிளீன் எண்டா பிரச்சினை இல்ல எண்டு அர்த்தம் இல்ல.

சாவிய ஓன்ல வைச்சு ஸ்டார்ட் பண்ணாம பாருங்கோ, செக் எஞ்சின் லைட் ஒருக்கா பத்தோணும். பத்தவே இல்ல எண்டா ஆரோ அத செத்துப்போக வைச்சிருக்கினம்.

ஹைபிரிட் எண்டா?

அக்வா, பிரியஸ் எண்டா எஞ்சின் தானா ஓன் ஆகி தானா நிக்கிறதே கன பேருக்கு வந்து வந்து போற சத்தமா தெரியுது. பின் சீற் பக்கம் ஸ்ஸ் எண்டா பற்றரி ஃபேன், அதின்ட வாய்க்கு முன்னால பையள வைக்காதீங்கோ. ஆனா மூண்டாவது தலைமுறை பிரியஸ்ல காலமை முதல் ஸ்டார்ட்ல கார் முழுக்க உதறி கட கட எண்டா விடாதீங்கோ, புகைய திரும்ப எஞ்சினுக்கு அனுப்புற ஈஜீஆர் அடைச்சு ஹெட் கஸ்கட் போற கதைக்கு அது தெரிஞ்ச அறிகுறி. கூலன்ட் அளவ அண்டைக்கே பாருங்கோ.

வித்தவரிட்ட திருப்பி குடுக்கலாமா?

கேட்டு பாருங்கோ, ஆனா கனக்க எதிர்பாக்காதீங்கோ. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரில தான் தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு திரும்ப விட்டினம், அந்த அஞ்சு வருசமும் நாட்டுக்குள்ள இருந்த கார்கள் தான் கை மாறி கை மாறி போனது, ஒரு காருக்கு எத்தினை கை, எத்தினை கராஜ் எண்டு எண்ண ஏலாது. வித்தவருக்கே தெரியாத வேலை அதுக்குள்ள இருக்கும். சண்டைக்கு போகாம ஒரு கேள்வி மட்டும் கேளுங்கோ: கடைசியா என்ன கழட்டி பூட்டினீங்கள்? என்ட கார வித்தவர் நல்ல மனுசன், கம்பிரசர் மாத்தினத கேட்ட உடன சொன்னார். நான் தான் நாலு மாசம் கேக்காம இருந்தனான்.

பாஸ் சிங்களம், எனக்கு அரைகுறை. எப்பிடி விளங்கப்படுத்துறது?

சத்தத்துக்கு அவையும் சத்தே எண்டு தான் சொல்லுவினம், அதோட என்ட சிங்களம் முடிஞ்சுது. ஆனா சொல்லி விளங்கப்படுத்த தேவையே இல்ல. ரெக்கோட் பண்ணின வீடியோவ காட்டுங்கோ, ஏசி பட்டன அமத்துறதும் சத்தம் நிக்கிறதும் ஒரே வீடியோவில வரட்டும், ரேடியோவ ஓஃப் பண்ணிட்டு எடுங்கோ. அவர பக்கத்து சீற்றில ஏத்திக்கொண்டு உங்கட வழமையான றோட்டில, வழமையான நேரத்தில ஒருக்கா போய் வாங்கோ. பகல் ரெண்டு மணிக்கு கராஜ் வாசல்ல வைச்சு ஏத்தி ஏத்தி ரேஸ் பண்ணி கேக்கிறதால ஒண்டும் வராது. நேரம் எடுக்கிறதுக்கு தனியா காசு தாறன் எண்டு முதலே சொல்லிடுங்கோ, சாமான் மாத்தினா தான் அவருக்கு வருமானம் எண்டா அவர் சாமான் தான் மாத்துவார்.

எல்லாம் பாத்தாச்சு, எயார் பில்டர் பக்கம் ஏதோ உருளுற சத்தம். அதுவும் திரும்பேக்க.

பில்டர் பெட்டிய திறந்து பாருங்கோ. வாசல்ல கொட்டம்பா (நாட்டு வாதுமை) மரம் இருக்கா? எலி அதின்ட கொட்டைய கொண்டு வந்து சேர்த்து வைக்கும். எங்கட லேன்ல ஒருத்தற்ற கார்ல இருந்து ஏழு கொட்டை எடுத்தம், வயர் ஒண்டும் கடிபட்டிருந்தது.

இப்ப உங்கட கார்ல சத்தம் ஒண்டும் இல்லையா?

இருக்கு. இடது முன் பக்கம், வேகத்தடைல ஏறி இறங்கேக்க மட்டும், ஆள் ஒருத்தர் பக்கத்தில இருந்தா வராது. லிங்க் ரொட் எண்டு நினைக்கிறன், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறன்.